கருந்துளையைத் தட்டினால் அதிர்வது எது?

2025 அக்டோபர் 11, மாலை 6.20 (கேள்வி)

இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது புதிய கருந்துளை மணிபோல் ஒலித்தது என்று போன மாதம் நாளிதழில் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. மணி வெண்கலம். வெண்கலத்துக்கு விறைப்பு உண்டு; தட்டினால் நெளியும், மீளும், அதனால் ஒலிக்கும். கருந்துளையில் பிடித்துப் பார்க்கப் பொருளே இல்லை, உள்ளே போனது வெளியே வராது என்று நீங்களே இங்கே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடிபடுவது எது? நெளிவது எது? வெற்றிடத்துக்கு ஏது நாதம்? செய்தியாளர்கள் அழகுக்குச் சேர்த்த உவமை என்பதே என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு மறுக்கவும்.

அக்டோபர் 11, இரவு 10.50

கட்சியில் பாதி செல்லும், தம்பி. மணி என்ற உவமை மோசம். அதிர்வு மட்டும் மெய்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாட்டுக்கு 1916இல் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு வெளியிட்ட கருந்துளைத் தீர்வை எடுத்துக்கொள்வோம். சுழற்சி கிடையாது, மின்னூட்டம் கிடையாது, அப்பழுக்கற்ற உருண்டை. அந்த வடிவியலின்மேல் மிகச் சிறிய ஒரு மாற்றத்தை ஏற்றுகிறோம். பாடநூல் இதை உலைவு என்கிறது. மாற்றம் சிறியது என்பதால் அதன் வர்க்கத்தையும் அதற்கு மேற்பட்டவற்றையும் தள்ளிவிடலாம். மிஞ்சுவது ஓர் அலைச் சமன்பாடு. பொதுச் சார்பியலில் நெளிவதற்கு வெண்கலம் வேண்டியதில்லை, காலமும் இடமும் சேர்ந்த காலவெளியே நெளியும் பண்டம்தான். ஆகவே நெளிவது எது என்ற கேள்விக்கு விடை: நிகழ்வெல்லை, அதாவது தாண்டி உள்ளே போனது திரும்பி வராத அந்த எல்லை. அது உப்பிச் சப்பி, உப்பிச் சப்பி, மறுபடி உருண்டையாகிறது.

இனி உவமைக்கு வருகிறேன். கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டு நகர்ந்தால் பிரகாரத்தில் பாதி தூரம் போகும்வரை ரீங்காரம் கூடவே வரும். அதற்குள் அந்த வெண்கலம் ஆயிரக்கணக்கான முறை ஆடியிருக்கும். சுழலாத கருந்துளையின் முதன்மை அதிர்வில், ஓர் ஆட்டம் முடிவதற்குள் வீச்சு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டாவது முடியும்போது இருபதில் ஒரு பங்கு. மூன்றாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கு மணி என்று பெயர் வைத்தவரைச் சந்தைக்கு அழைத்துப் போக வேண்டும். தேங்காயைக் காதருகே வைத்து விரலால் சுண்டினால் ஒரு "டொக்" வருகிறதே, அதுதான் இது.

தேங்காய் இன்னொரு வகையிலும் பொருந்தும். அந்த ஒற்றை "டொக்"கை வைத்து முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிறோம். கருந்துளையிலும் இரண்டே எண்கள்: சுருதி, அடங்கும் வேகம். இவற்றிலிருந்து நிறையையும் சுழற்சியையும் கணக்கிட்டுவிடலாம். சூரியன் அளவு நிறை இருந்தால் நொடிக்குச் சுமார் 12,000 ஆட்டம். பத்து சூரிய நிறைக்கு 1,200. நிறை ஏற ஏறச் சுருதி இறங்கும். நம் பால்வீதியின் மையத்தில் இருப்பது 43 லட்சம் சூரிய நிறை. அது சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆட்டத்துக்கே ஏறக்குறைய 6 நிமிடம் பிடிக்கும்.

அக்டோபர் 11, இரவு 11.35

எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு தேங்காயைச் சுண்டிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கைந்து மேடுகளுக்கு மேல் எண்ண முடியவில்லை. நான்காவது முறை சுண்டும்போது மனைவி வந்து, "நாளைக்குச் சட்னிக்கு அது ஒன்றுதான் இருக்கிறது" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 12, காலை

இந்தக் கணக்கைத் தொடங்கியவர்கள் ஒலியைத் தேடித் தொடங்கவில்லை. 1957இல் துல்லியோ ரெஜ்ஜேயும் ஜான் வீலரும் கேட்டது வேறு: இது நிலையாக நிற்குமா? கருந்துளை என்ற பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. ஊசிமுனையில் நிறுத்திய பென்சில்கூடச் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வுதான். ஆனால் யாரும் அதை மேசைமேல் கண்டதில்லை. ஷ்வார்ஸ்சைல்டு தீர்வும் அந்த வகையாக இருந்தால், அதாவது கொஞ்சம் தொட்டாலே உலைவு பெருகிப் பெருகி உரு குலைந்துபோகும் என்றால், இயற்கையில் அப்படி ஒன்றைத் தேடுவதே வீண். அவர்கள் உலைவுகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சமன்பாடு அழகாக முடிந்தது. மற்றதற்கு 1970இல் ஃப்ராங்க் ஸெரில்லி வரவேண்டியிருந்தது.

அதே 1970இல்தான் சி.வி. விஸ்வேஸ்வரா. பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். நிலைத்தன்மைக் கணக்கோடு நிற்காமல் ஒரு குறும்பான கேள்வி கேட்டார். கறுப்பாக இருப்பதை எப்படிப் பார்ப்பது? எதையாவது அதன்மேல் எறிந்து, சிதறி வருவதைப் பார்ப்போம். காலவெளியின் நெளிவு அலையாகப் பரவுவதுதான் ஈர்ப்பலை. அதில் ஒரு பொதியைக் கணினியில் கருந்துளையை நோக்கி அனுப்பினார். அகலமான பொதியை அனுப்பினால் போனது போலவே ஏதோ திரும்பி வந்தது, குறிப்பிட ஒன்றுமில்லை. பொதியைக் குறுக்கிக் குறுக்கி, கருந்துளையின் அளவுக்குக் கொண்டுவந்தபோதுதான் திரும்பி வந்த அலையின் பின்னால் ஒரு புது நெளிவு தெரிந்தது. ஆடி ஆடித் தேயும் அலை. என்ன வடிவில் பொதியை அனுப்பினாலும் அந்த நெளிவின் சுருதியும் தேய்வும் மாறவில்லை. அனுப்பியவரின் கையெழுத்தாக இருந்தால் மாறியிருக்கும். அது கருந்துளையின் சொந்தக் குரல்.

சந்தையில் உள்ளங்கையை அகலமாக வைத்துத் தேங்காயை மெதுவாக அமுக்கினால் ஓசை வருமா? விரல் நுனியால் சுண்டத்தானே வேண்டும். அந்த நுட்பம்தான்.

அக்டோபர் 12, இரவு

ஒரு பின்குறிப்பு. எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் பெங்களூரு நேரு கோளரங்கத்துக்குப் போனோம். நாற்காலி பின்னால் சாய்கிறது என்பதுதான் எங்களுக்கு அன்றைய பெரிய அறிவியல். விஸ்வேஸ்வராதான் அதன் நிறுவன இயக்குநர் என்று பதினைந்து ஆண்டு கழித்து, அவருடைய கட்டுரையைப் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அவர் 2017 ஜனவரியில் காலமானார். ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகள் அந்த "டொக்"கைப் பிடித்ததாக 2016 பிப்ரவரியில் அறிவித்தபோது உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கொரு திருப்தி.

அக்டோபர் 15

கேள்வி கேட்டவர் 61 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று தனிச்செய்தி வந்தது. "தம்பி என்று அழைத்ததில் வருத்தமில்லை, இளமையாக உணர்ந்தேன்" என்றும் இருந்தது. எனக்கு 43. மன்னிக்கவும், ஐயா. மேலே திருத்தினால் தொடர்ந்து வந்த கேலிகளுக்குப் பொருள் போய்விடும் என்பதால் விட்டுவைக்கிறேன்.

அக்டோபர் 18, நள்ளிரவு கடந்து

கணக்கோடு மறுக்கச் சொன்னீர்கள் அல்லவா, என் கணக்கு அனுபவத்தைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் இந்தத் தலைப்பை எடுத்தேன். தேர்வாளர் ஒருவர், "இல்லாத பொருளை எங்கே போய் உலுக்குவாய்?" என்று கேட்டுச் சிரித்தார். ஐயா கேட்ட அதே கேள்விதான். அவர் விடைக்காகக் கேட்கவில்லை என்பது மட்டும் வேறுபாடு. இன்று காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன், ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த எண்ணை நானே கண்டுபிடித்துப் பார்க்காவிட்டால் உறக்கம் வராது.

எண் இதுதான்: 0.3737, 0.0890. முதலாவது சுருதி, இரண்டாவது தேய்வு. இரண்டும் கருந்துளையின் நிறையை அலகாகக் கொண்டவை. இரண்டையும் சேர்த்து ஒரே கலப்பெண்ணாக எழுதுவது வழக்கம். தேய்வு கற்பனைப் பகுதியில் எதிர்க்குறியோடு உட்காரும். வயலின் தந்திக்கு மெய்யெண் போதும், ஏனென்றால் இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கிறது. கருந்துளைக்கு இரண்டு முனையும் திறந்த கதவு. ஒரு பக்கம் நிகழ்வெல்லை விழுங்குகிறது, மறுபக்கம் அலை முடிவிலிக்கு ஓடிவிடுகிறது. ஆற்றல் இரு வழியிலும் ஒழுகுவதால் தேய்வு கூடவே பிறக்கிறது. 1971இல் வில்லியம் பிரஸ் இதற்குக் குவாசிநார்மல் பாங்கு என்று பெயர் வைத்தார். நான் தேய்பாங்கு என்று எழுதிக்கொள்கிறேன். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

முதல் முறை செய்தபோது மூன்று இரவு போயிற்று. மூன்றாம் இரவு 2 மணிக்குத் திரையில் 0.3737 வந்தது. துள்ளினேன். பக்கத்து எண்ணைப் பார்த்தேன்: 0.0890, நேர்க்குறியோடு. அதாவது அலை தேயவில்லை, வளர்கிறது. கருந்துளை நிலையற்றது என்று நிறுவிவிட்டேன்! வீலரிலிருந்து எல்லோரும் தவறு, நான் ஒருவனே சரி. அரை மணி நேரம் அந்தப் பெருமையில் இருந்தேன். காலையில் பார்த்தால் எல்லை நிபந்தனைகள் இரண்டிலும் குறி மாறியிருந்தது. என் நிரலில் அலை நிகழ்வெல்லையிலிருந்து வெளியே புறப்பட்டு, தொலைவிலிருந்தும் உள்ளே வந்துகொண்டிருந்தது. படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறேன். பின்னோக்கி ஓட்டினால் தேய்வது வளரத்தானே செய்யும். எண் அச்சு அசலாக வந்ததற்கும் அதுவே காரணம்.

இன்னொரு பொறி உண்டு, அதில் விழாதவர்கள் குறைவு. காலத்தில் தேயும் இந்த அலை, ஒரு கணத்தில் நிறுத்திப் பார்த்தால் தூரம் போகப் போகப் பெருகுகிறது. முதலில் குழம்பினேன். பிறகு புரிந்தது: தொலைவில் இருக்கும் அலை முன்னதாகப் புறப்பட்டது, அப்போது வீச்சு பெரிது. ஊர்வலத்தில் முன்னால் போகிற மேளம்தான் உரக்கக் கேட்கும். விளைவு என்னவென்றால், பெருகும் தீர்வை வைத்துக்கொண்டு, அதனடியில் வேண்டாத தேயும் தீர்வு துளியும் இல்லை என்று கணினியை உறுதிசெய்யச் சொல்கிறோம். யானைமேல் எறும்பு இருக்கிறதா என்று எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிற கதை. 1985இல் எட்வர்ட் லீவர் இதைத் தொடர் பின்னமாக மாற்றித் தீர்த்தார். அந்த உத்தி, ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிக்காக 1930களில் ஜாஃபே கையாண்டதிலிருந்து வந்தது. ஒரு துறையில் பரணில் கிடந்த பாத்திரம் இன்னொரு துறையில் பொங்கல் வைக்க உதவியிருக்கிறது. லீவர் முறையில் அந்த எண் இப்போது என் மடிக்கணினியில் கண் இமைப்பதற்குள் வருகிறது. மூன்று இரவு போனதே என்று இன்றும் ஆற்றாமைதான்.

அக்டோபர் 19

மேலே 11ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வரி உறுத்துகிறது: "நெளிவது நிகழ்வெல்லை." நேற்று எழுதும்போதே உறுத்தியது. நிகழ்வெல்லைதான் எல்லாவற்றையும் விழுங்குகிறதே, அங்கிருந்து சேதி எப்படி நமக்கு வரும்? ஐயாவின் கேள்வியை நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

சரியாகச் சொன்னால் இப்படி. சமன்பாட்டில் கருந்துளையைச் சுற்றி, அலை ஏறிக் கடக்க வேண்டிய ஒரு நிலையாற்றல் மேடு இருக்கிறது. நிகழ்வெல்லையின் ஆரத்தைப் போல 1.64 மடங்கு தொலைவில் அதன் உச்சி. ஒளி வட்டமிடக்கூடிய வளையம் 1.5 மடங்கில், ஏறக்குறைய அதே இடம். அந்த வளையத்தில் ஒளி சுற்றலாம், ஆனால் நிலைக்காது. மயிரிழை உள்ளே சாய்ந்தால் விழுங்கப்படும், வெளியே சாய்ந்தால் ஓடிவிடும். ஈர்ப்பலைக்கும் அதே கதி. மோதலின் கடைசிக் கணத்தில் அங்கே மாட்டிக்கொண்ட அலை சில சுற்றுகள் சுற்றியபடியே இருபுறமும் ஒழுகிப்போகிறது. அந்த ஒழுகல்தான் நாம் கேட்பது. 1972இலேயே கோபெல் இதைச் சுட்டிக்காட்டினார்.

நம்பாதவர்களுக்குக் கணக்கு: ஒளி அந்த வளையத்தைச் சுற்றும் வேகத்தை இரண்டால் பெருக்குங்கள் (முதன்மை அதிர்வில் சுற்றுக்கு இரண்டு மேடு). 0.385 வருகிறது. சரியான விடை 0.374. மூன்று விழுக்காடுதான் பிசகு. வளையத்திலிருந்து ஒளி வழுவும் வேகத்திலிருந்து தேய்வும் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஆக, நிகழ்வெல்லை நெளிவது பொய்யில்லை, ஆனால் சுருதியை நிர்ணயிப்பது அதற்கு வெளியே இருக்கும் வளையம். இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. 2016இல் கார்டோசோ, ஃப்ரான்சின், பானி மூவரும் எடுத்துக்காட்டினார்கள்: நிகழ்வெல்லையே இல்லாமல், ஒளிவளையம் மட்டும் இருக்கும் ஒரு விசித்திரப் பண்டத்தைக் கற்பனை செய்தால், அதன் முதல் "டொக்"கும் இதே மாதிரிதான் இருக்கும். வேறுபாடு பிறகு எதிரொலியாகத்தான் தெரியும். எதிரொலி கேட்டதாகச் சிலர் அறிவித்தார்கள், மற்றவர்கள் தரவை அலசிவிட்டு ஏற்கவில்லை. ஓட்டைச் சுண்டி உள்ளே பருப்பு இருக்கிறதென்று நம்புகிறோம், அவ்வளவுதான்.

அக்டோபர் 23

ஐயாவின் அடுத்த கேள்வி: "சுண்டுவதை விடுங்கள். நிலா கடலை இழுப்பதுபோல் மெல்ல, விடாமல் இழுத்தால் கருந்துளை நீளுமா?"

தலைமையாசிரியர் என்பது இப்படிக் கேட்பதிலிருந்தே தெரிகிறது. நிலாவின் இழுப்புக்குப் பூமி எவ்வளவு இணங்குகிறது என்பதை 1909இல் அகஸ்டஸ் லவ் என்ற ஆங்கிலேயக் கணிதர் ஓர் எண்ணால் குறித்தார். லவ் எண். (ஆமாம், அவர் குடும்பப் பெயர். கேலியை இத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.) களிமண் உருண்டைக்கு அது பெரிது, எஃகு உருண்டைக்குச் சிறிது. எரிந்து முடிந்து நெருக்கமாகச் சுருங்கிய நியூட்ரான் விண்மீனுக்கும் உண்டு. 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது வந்த ஈர்ப்பலையிலிருந்து அதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள்.

சுழலாத கருந்துளைக்கு அந்த எண் சுழி. சிறியது என்று சொல்லவில்லை, சுத்தமாகச் சுழி. 2009இல் தமூரும் நாகரும் ஒரு பக்கம், பின்னிங்டனும் புவாசோனும் இன்னொரு பக்கம் கணக்கிட்டு ஒரே விடைக்கு வந்தார்கள். இழுக்கும் விண்மீன் அசையாமல் இருக்கும்வரை, தொலைவிலிருந்து பார்க்கிறவருக்குக் கருந்துளையின் ஈர்ப்புப் புலத்தில் புதிதாக எந்தப் புடைப்பும் தெரியாது. சுண்டினால் குரல் கொடுக்கும், இழுத்தால் மறுமொழி கிடையாது. சுழலும் கருந்துளைக்கு மட்டும் இது சுழியில்லை என்று 2020இல் லெ டியெக்கும் கசால்ஸும் கண்டார்கள். ஆகவே சுழற்சி வந்தால் கருந்துளைக்கும் நெகிழ்வு வந்துவிடுகிறது.

அக்டோபர் 24

நேற்றைய கடைசி இரண்டு வரியை அடித்துவிடுங்கள். பழைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதியதன் பலன். 2020இல் கண்டது உண்மையான எண்தான், ஆனால் அதன் பொருளைத் தொடர்ந்து வந்த கட்டுரைகள் தெளிவாக்கிவிட்டன. அந்த மறுமொழி நெகிழ்வைக் காட்டவில்லை, உராய்வைக் காட்டுகிறது. சுழலும் கருந்துளையை நிலையான புலம் இழுக்கும்போது, அதன் பார்வையில் அந்தப் புலம் சுற்றிச் சுற்றி வருகிறது. கொஞ்சம் சுழற்சி ஆற்றல் கரைகிறது. நிலாவின் ஓதத்தால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைகிறதே, அதன் உறவுக்காரன். ஹார்ட்டில் 1973இலேயே இந்த ஓத உராய்வைக் கணக்கிட்டிருக்கிறார். நெகிழ்வுப் பகுதி சுழலும் கருந்துளைக்கும் சுழிதான்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. நெகிழ்வு அறவே இல்லாத பண்டத்துக்குப் பாகுத்தன்மை இருக்கிறது. தேனுக்கு இருப்பது போன்ற பாகுத்தன்மை. தமூர் 1970களின் இறுதியில் நிகழ்வெல்லையை ஒரு மெல்லிய பாய்மப் படலமாக வைத்து எழுதியபோது, அதற்குப் பாகுநிலை எண்ணும் மின்தடையும்கூடக் கிடைத்தன. மின்தடை ஒரு சதுரத்துக்கு 377 ஓம். கடையில் கேட்டு வாங்கலாம் போன்ற ஓர் எண்.

நவம்பர் 2

இரண்டு குடும்ப உலைவுகள் என்று 12ஆம் தேதி எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி நிலையாற்றல் மேடு. ரெஜ்ஜே-வீலர் மேடும் ஸெரில்லி மேடும் பார்க்க வேறு வேறு. ஸெரில்லியின் சூத்திரம் ஒரு வரிக்குள் அடங்காது, அவ்வளவு கோணல். ஆனால் இரண்டிலிருந்தும் வரும் சுருதி வரிசை ஒன்றேதான். முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை. ஒரு தேங்காயையும் ஒரு பானையையும் சுண்டி ஒரே "டொக்" வந்தால் சும்மா விடுவோமா?

சும்மா விடாதவர் எஸ். சந்திரசேகர். லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் வாழ்ந்தவர். 1975இல் டெட்வைலருடன் இந்தச் சுருதிகளைக் கணக்கிட்டபோது அவருக்கு 64 வயது. அதற்குமுன் விண்மீன் அமைப்பு, கதிர்வீச்சு, நீர்மவியல் என்று ஒவ்வொரு துறையாக முடித்துவிட்டு வந்தவர். ஒரு மேட்டின் தீர்வை வகையிட்டுச் சில உறுப்புகளைச் சேர்த்தால் மற்ற மேட்டின் தீர்வு வந்துவிடும் என்று காட்டினார். அதன் பின்னால் என்ன சமச்சீர் இருக்கிறது என்று இன்றும் தோண்டுகிறார்கள். 1983இல் வந்த அவர் நூலை நான் நூலகத்திலிருந்து இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் நாலாம் அதிகாரத்தில் மூச்சு வாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.

சுழலும் கருந்துளைக்கு 1972இல் டியூகோல்ஸ்கி வழி திறந்தார். சுழற்சி கூடக் கூட அதிர்வு மெதுவாக அடங்கும். உச்ச வரம்பை நெருங்கும்போதுதான் கருந்துளைக்கு மணியின் சாயல் கொஞ்சம் வருகிறது. நாளிதழுக்கு அந்த அளவில் மன்னிப்பு.

நிலைத்தன்மைக் கேள்வி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வர்க்கத்தைத் தள்ளிவிட்டு முடித்ததை, தள்ளாமல் முழுச் சமன்பாட்டோடு நிறுவ 2020களாகிவிட்டது. மெதுவாகச் சுழலும் கருந்துளைக்கு ஜோர்ஜி, கிளைனர்மன், செஃப்டெல் மூவரும் 2022இல் வெளியிட்ட நிறுவல் 900 பக்கத்தைத் தாண்டுகிறது. வேகமாகச் சுழல்வதற்கு அது போதாது. ரெஜ்ஜேயும் வீலரும் கேட்ட ஒற்றை வரிக் கேள்வி!

நவம்பர் 9

நாளிதழில் வந்த செய்திக்கே வருகிறேன், ஒரு மாதமாக அதைத் தொடவே இல்லை.

2015 செப்டம்பர் 14இல் முதன்முதலாகப் பிடிபட்ட மோதலில் 36, 29 சூரிய நிறைகள் சேர்ந்து 62 ஆயின. மூன்று சூரிய நிறை ஈர்ப்பலையாகப் போய்விட்டது. கடைசி அதிர்வு சுமார் 250 ஹெர்ட்ஸ், நான்கு மில்லிநொடியில் வீச்சு மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அதாவது ஓர் ஆட்டம் நான்கு மில்லிநொடி, தேய்வதும் நான்கு மில்லிநொடி. இரைச்சலுக்கு நடுவே ஓரிரு ஆட்டத்தை வைத்துக்கொண்டுதான் உலகமே பேசியது.

அந்தத் தரவிலேயே முதன்மைச் சுருதியோடு ஒரு மேற்சுருதியும் (கூடவே எழும் இன்னோர் அதிர்வு) இருக்கிறது என்று 2019இல் ஒரு குழு சொன்னது. மேற்சுருதி மூன்று மடங்கு வேகமாகத் தேய்கிறது. தொடக்கக் கணத்தை ஒரு மில்லிநொடி முன்பின் வைத்தாலே விடை மாறும். 2022இல் இன்னொரு குழு, அது இரைச்சலாகவும் இருக்கலாம் என்றது. நான் இரண்டாவது கட்சியில் இருந்தேன், இங்கே உரக்கவே எழுதினேன்.

நாளிதழ் சொன்ன மோதல் 2025 ஜனவரி 14இல் பிடிபட்டது. ஏறக்குறைய அதே நிறைகள், அதே தொலைவு. பத்தாண்டில் கருவிகள் மேம்பட்டதால் பலமடங்கு தெளிவு. செப்டம்பரில் வெளியான அலசலில் முதன்மையும் முதல் மேற்சுருதியும் இரண்டுமே தெரிந்தன, இரண்டும் சுழலும் கருந்துளைக்கான கணக்கோடு ஒத்துப்போயின. மோதலுக்கு முன் இரண்டின் நிகழ்வெல்லைப் பரப்பு மொத்தம் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், பின் சுமார் 4,00,000. பரப்பு குறையாது என்று 1971இல் ஹாக்கிங் சொன்னது நின்றது. 2015 தரவைப் பற்றிய என் ஐயம் அப்படியே இருக்கிறது. ஆனால் மேற்சுருதி எந்தத் தரவிலும் கேட்காது என்று எழுதியதை விழுங்குகிறேன்.

நவம்பர் 16

"டொக் அடங்கியபின் முழு அமைதியா?" என்கிறார் ஐயா. இல்லை, ஒரு வால் உண்டு. புறப்பட்ட அலையில் ஒரு சிறு பங்கு, வெகு தொலைவில் உள்ள மெல்லிய வளைவில் பட்டுத் திரும்பித் தாமதமாக வந்து சேர்கிறது. கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்தபின் வருகிற தூரத்து உறவுகள் மாதிரி. 1972இல் ரிச்சர்ட் பிரைஸ் கணக்கிட்டபடி, முதன்மை வகை அலைக்கு இந்த வால் காலத்தின் ஏழாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும். நேரம் இருமடங்கானால் வீச்சு 128இல் ஒரு பங்கு. இதுவரை எந்தக் கருவியும் இதைக் கேட்டதில்லை.

கேட்டதும் கை சும்மா இருக்கவில்லை. விஸ்வேஸ்வரா செய்ததுபோல் ஒரு பொதியை அனுப்பி ஓட்டினேன். முதலில் பொதி, பிறகு நான்கைந்து ஆட்டம், பிறகு வால் தொடங்குகிறது. அந்த அடுக்கைக் காட்டும் சரிவு 6இலிருந்து 7ஐ நோக்கி ஏறும்போது வரைபடம் திடீரெனத் தட்டையாகிவிட்டது. புதிய இயற்பியல் இல்லை, பயப்பட வேண்டாம். இரட்டைத் துல்லியத்தில் பதினாறாவது இலக்கம் தீர்ந்துவிட்டது. 0.0890 வந்த இரவுக்குப் பிறகு நான் திருந்திவிட்டேன்.

நவம்பர் 17, காலை 6.10

நான்மடங்குத் துல்லியத்துக்கு மாற்றி இரவு முழுவதும் ஓடவிட்டேன். 6.9ஐத் தாண்டி நிற்கிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி இரைச்சலில் மடிக்கணினியைக் கூடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. மாற்றுகிறேன்.